படத்துல இருந்த சாப்பாடு

இல்லக்கா, அது எறச்சி இல்ல. பலாக்கொட்ட. அவிச்சு, தோல உரிச்சு, மொளகு போட்டு இடிச்சு வச்சிருக்கேன். மேல மூடியிருக்கது மரவள்ளிக் கெழங்கு. நல்லா இருக்கா? மெய்யாவா? பங்களாவுல ஆயாவா இருக்கிறவங்க நீங்களே சொல்றீங்க. இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க. நுவரெலியாவுலருந்து எங்க டிக்கோயா தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்றது லேசா? ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

யாரு சொல்லிக் குடுத்தாங்களா? எங்க தொரசாணி போட்டுட்டுப் போன புஸ்தகம்க்கா. சீமையிலருந்து மாசாமாசம் கப்பல்ல வருமாம். பூராவும் சாப்பாட்டுப் படம். எனக்கு எழுத்து ஏது? பங்களா குசினியில சமைச்சாரே சூசைரட்ணம் அண்ணன், அவருதான் வாசிச்சுச் சொன்னாரு. ஆட்டெறச்சின்னு வாசிப்பாரு. அதுக்கு நான் எங்கண்ணே போவேன்னு கேப்பேன். வெண்ணெய்னு வாசிப்பாரு. தேங்காண்ணெய ஊத்திக்கிறேன்னு சொல்லுவேன். ஒண்ணுல ஆறு முட்டைன்னு வாசிச்சுட்டு அவருக்கே சிரிப்பு வந்திருச்சு. முட்டையில்லாம இது நிக்காது பேச்சியம்மான்னாரு. அரிசி மாவக் கரச்சு ஊத்தி நிக்க வச்சேன்ல!

பங்களாவுல இரும்படுப்பு. நமக்கு இந்த மூணு கல்லுதான். சட்டிக்குக் கீழ மிலாறு எரியும், அதான்க்கா, தேயிலைய கவ்வாத்து வெட்டுனா விழுற குச்சி. மேல மூடியில தணல அள்ளி வைப்பேன். மொதல்ல எல்லாம் கரிஞ்சுதான் போச்சு.

எல்லாம் மகளுக்காகத்தான். அவளுக்குப் பேச்சு வர்ற வயசுல தொரசாணி கேட்டாங்க, எங்க பாப்பாவோட வெளையாட ஒரு புள்ள வேணும்னு. இல்லேன்னு சொல்ல முடியுமா? நானும், இங்க கெடந்து அழுகுற புள்ள, அங்கயாச்சும் நல்லாச் சாப்பிடட்டுமேன்னு விட்டுட்டேன். அந்த வெள்ளப் பாப்பாகூடவே சாப்பிட்டு, அது கட்டிலுக்குக் கீழயே படுத்து வளந்தா. தேயில வெல விழுந்து தோட்டம் கைமாறிச்சு. அவங்க கப்பலேறிட்டாங்க. சூசைரட்ணம் அண்ணன் இவ கையப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டாரு. பல்லு விழுற வயசு. இந்த வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாத்துட்டு, இங்க யாரு இருக்காங்கன்னு கேட்டாக்கா. நாமதாம்மான்னேன்.

சோறு வச்சா தொட மாட்டா. கருவாடு சுட்டா மூக்கப் பொத்திக்குவா. அடிக்கவும் மனசு வரல. கை வளையலு முழங்கைக்கு ஏறிப் போச்சு. மருந்துக்கார அய்யா வந்து பாத்துட்டு ஒரு நோவும் இல்லேன்னுட்டாரு. புஸ்தகத்தப் பிரிச்சு வச்சா மட்டும், இதுன்னு வெரல வச்சுக் காட்டுவா. அதத்தான் நான் இருக்கிறத வச்சுச் செஞ்சு பாத்தது.

இப்ப நீங்க சாப்பிடுறீங்களே, இதத்தான் மொத மொதல்ல சரியாச் செஞ்சேன். ஒரு வாய் எடுத்தா. மெதுவா வாயத் தொடச்சுக்கிட்டு, தேங்க்யூன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டா. விருந்துக்குப் போன எடத்துல சொல்ற மாதிரி. எங்க வீட்டுக்காரரு மிச்சத்த வழிச்சுத் தின்னுட்டு, நல்லாத்தானே இருக்கு, நாளைக்கும் செய்யின்னாரு. என் மொகத்த அவரு பாக்கல.

அப்புறம் தேங்காப்பாலும் கித்துள் கருப்பட்டியும் போட்டு ஒரு இனிப்பு செஞ்சேன். படத்துல இருந்த மாதிரியே ஆடாம அசையாம நின்னுச்சு. அவளுக்குச் சிரிப்பே வந்திருச்சு. கரண்டியால ரெண்டாப் பிரிச்சா. பாதிய ஒதுக்கி மூடி வச்சா. எனக்கு வச்சிருக்கான்னு நெனச்சேன். இல்ல, பாப்பாவுக்காம். அது வந்தாத்தான் சாப்பிடுவேன்னு அவளும் தொடலக்கா. எறும்பு மொச்சுப் போச்சு.

அதுக்கப்புறம் நான் படத்தப் பாத்து எதுவும் செய்யல. இன்னைக்கு ஒங்களுக்காகத்தான் செஞ்சேன். ஒங்க தொரசாணி பாப்பாவுக்குத் தொணையா ஒரு புள்ள தேடுறாங்கன்னு சூசைரட்ணம் அண்ணன் சொன்னதும், நாந்தான் சொல்லி அனுப்பச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரா? காலையிலயே வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போயிட்டாரு. நின்னு பாக்க முடியாதுன்னுட்டாரு.

அவ துணிமணி அந்த மூட்டையில இருக்கு. வழிக்கு ஒண்ணும் கட்டிக் குடுக்கலக்கா. அவளுக்கு வயிறு நெறஞ்சிருக்கு. காலையில அவகிட்ட, கூட்டிட்டுப் போக நீங்க வர்றீங்கன்னு சொன்னேன். அங்கயும் ஒரு பாப்பா இருக்கான்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். நேரா அடுப்படிக்குப் போயி, எனக்கு எடுத்து வச்சிருந்த பழைய சோத்தையும் தேங்கா சம்பலையும் எடுத்து, கையாலயே பெசஞ்சு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டா. இங்க வந்தப்புறம் அவ வயிறாரச் சாப்பிட்டத இன்னைக்குத்தான் பாக்குறேன்.

கை கழுவிக்கோங்கக்கா. தண்ணி அந்தா இருக்கு. அவ முன்னாடியே எறங்கி ரோட்டுல நிக்கிறா.