வண்டியில் கோளாறு எதுவும் இல்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். காகிதத்தை நான்காக மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். கோளாறு ஒன்றைப் பார்த்துவிட்டால் பார்க்காததுபோல் இருக்க எனக்கு வராது. இன்றைக்கு இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததும் அதனால்தான். என் சகலை இறந்துபோன விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையில், 'வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. ஓட்டியவர் பதற்றத்தில் தண்டவாளத்தின் மேல் நிறுத்திவிட்டார்' என்று இருக்கிறது. அது தவறு. அதைத் திருத்த வேண்டும்.

சகலை பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நல்ல மனிதர், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சமையல்கட்டிலிருந்து சந்திரன்வரை எதைப் பற்றிப் பேசினாலும் அதில் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். நான் இருபத்தாறு வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன். எனக்குத் தெரிந்தது இன்ஜின் ஒன்றுதான். அதிலும் அவர் மூக்கை நுழைத்தார்.

அவருடைய டீசல் கார் மூன்று வாரமாகத் தகராறு. நன்றாகச் சூடேறிய பிறகு, மெதுவாகப் போனால் குலுங்கும், கறுப்பாகப் புகை தள்ளும், பிறகு அப்படியே நின்றுவிடும். போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு பட்டறைகளுக்குப் போயிருக்கிறார். ஒருவர் டீசல் ஃபில்டரை மாற்றினார், இன்னொருவர் சென்சாரை மாற்றினார். அதற்கப்புறம்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

"கடைசியா உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன், சகலை" என்றார். அந்த 'உங்ககிட்டயும்' எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டேன். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஈ.ஜி.ஆர். வால்வின் தலையில் லேசாக இரண்டு தட்டு. இன்ஜின் ஒரு நொடி சீராகிவிட்டு மறுபடி தள்ளாடியது. விஷயம் அவ்வளவுதான். இன்ஜின் வெளியே விடும் புகையில் கொஞ்சத்தை அதற்கே திருப்பிக் குடிக்கக் கொடுக்கிற கதவு அந்த வால்வு. தேவைப்படும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். கரி அடைத்து மூட முடியாமல் போனால், மெதுவாகப் போகும்போது இன்ஜினுக்கு மூச்சு முட்டும். சூட்டில் ஒரு தடவை நின்றுவிட்டால் ஐந்து நிமிஷம் ஆறாமல் திரும்பப் பிடிக்காது. நானே ஓட்டிப் பார்த்தேன். பட்டறைக்கு அடுத்த தெருவில் ஆளில்லாத லெவல் கிராசிங் இருக்கிறதே, அதன் மேட்டில் ஏறும்போது இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் தண்டவாளத்தின் மேலேயே. நோட்டில் எழுதிவைத்தேன்.

நோயை உறுதி செய்ய எனக்கு ஒரு வழி உண்டு. பழைய டப்பாத் தகரத்தில் வட்டமாக ஒரு தகடு வெட்டி, வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்துப் புகையை அடைத்துவிடுவேன். வண்டி இரண்டு நாள் ஒழுங்காக ஓடினால் குற்றம் வால்வுடையதுதான், சந்தேகமே இல்லை. தகடு வைத்ததை வண்டிக்காரரிடம் சொல்வது வழக்கமில்லை. சொன்னால், சாவியைத் திருப்பும் முன்பே வண்டி பிரமாதமாக ஓடுகிறது என்பார்கள். அதனால் சகலையிடமும், "வால்வுலதான் கோளாறு. ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. இலக்கணமாக ஓடுகிறது வண்டி என்று ஆரம்பித்தார். டீசலில் ஊற்றுகிற மருந்து ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினாராம், எல்லாம் சரியாகிவிட்டதாம்.

"சகலை பாவம், வால்வையே மாத்தணும்னு பயமுறுத்திட்டார்" என்று சிரித்தார். கொழுந்தியாளும் சிரித்தாள்.

அது மருந்தில்லை, நான் வைத்த தகடு என்று எடுத்துச் சொன்னேன். அப்போது என் மனைவி, தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "விடுங்களேன். எது நடந்தாலும் நான்தான் நான்தான்னு" என்றாள். இருபத்திரண்டு வருஷம் என் வீட்டில் இருந்தவள். அவமானமாக இருந்தது, மறைப்பதற்கு என்ன.

இப்போது நீங்களே சொல்லுங்கள், சார். தகடு இருக்கும்வரை என் பேச்சை யாரும் நம்பப்போவதில்லை. மற்றவர்கள் கை கழுவிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது கீழே போய் இரண்டு போல்ட்டைக் கழற்றித் தகட்டை எடுத்துக்கொண்டேன். பத்து நிமிஷ வேலை. நான் எதையும் கெடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி எப்படி வந்ததோ அப்படியே திருப்பி வைத்தேன்.

மனைவி அன்று தங்கை வீட்டில் தங்கினாள். காலையில் சகலை அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது வாசலில் வைத்து அவளை எச்சரித்தேன்.

"நாளைக்கு அந்த வண்டியில வராதே."

"ஏன்?"

"ஈ.ஜி.ஆர். வால்வு."

அவள் உள்ளே திரும்பித் தங்கையிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

ஏழு பத்து ரயில் எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அது போகும்போது பட்டறைச் சுவரில் தொங்கும் ஸ்பானரெல்லாம் சலசலக்கும். அவர் வீட்டிலிருந்து கிராசிங்குக்குப் பதினைந்து நிமிஷம்; இன்ஜின் சூடாவதற்குச் சரியான தூரம். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் செய்து, "இன்னும் கிளம்பலையா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதே" என்றேன். சகலை, "இதோ சாவியை எடுத்துட்டேன்" என்றார். வண்டி எங்கே நிற்கும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ரயில் என் துறை அல்ல.

நான் கிராசிங்குக்கு இந்தப் பக்கம் நோட்டோடு நின்றிருந்தேன். வண்டி மேட்டில் ஏறியது, குலுங்கியது, கறுப்பாக ஒரு புகை. நின்றுவிட்டது. நான் எழுதிவைத்த அதே இடம். சகலை என்னைப் பார்த்துவிட்டார். அதனால்தான் அவர் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். என் கண் முன்னால் அந்த வண்டியைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மனைவியும் என்னைப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். அவள் கதவைத் திறந்து குதித்து ஓடிவந்தாள். இரண்டு நொடி முன்னால் குதித்திருந்தால் கை முறிந்திருக்காது.

மனைவி பிழைத்தது என்னால் என்று ஊரே பேசுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கூட என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். "நீங்க கை காட்டலேன்னா நானும் போயிருப்பேங்க. அவர்தான் பாவம், பதறிட்டாரு" என்று மனைவி அழுகிறாள். கொழுந்தியாள் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் பெயர் வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. நான் அவளை இறங்கச் சொல்லிக் கை காட்டவில்லை. 'சொன்னேனே, பார்த்தாயா' என்று காட்டினேன். அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள்.

உங்கள் ஆள் பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். வால்வைக் கழற்றவே இல்லை. பின்கட்டில் கிடக்கிற அந்த வண்டியில் இப்போதும் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்துத் திறந்தபடியே நிற்கும். தகட்டை எடுத்தது நான், நேரம் பார்த்து அனுப்பியது நான், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் முதல் வரியில் ஈ.ஜி.ஆர். வால்வு என்று வர வேண்டும்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் கொடுங்கள், சார். என்னை எங்கே கொண்டுபோவதானாலும் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். என் மனைவி படித்துப் பார்க்கட்டும். அவள் நியாயமானவள், இப்போதாவது நான் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வாள்.