பவளத் தொட்டிக்கு முன்னால் ஒரு ஜெபம்

— ஃபோன தொட்டிக்கிட்ட கொண்டு போ, ஸ்மைலினே. இன்னும் கிட்ட. கண்ணாடியில முட்டிராத.

— முட்டல்ல அத்தான். நல்லா பாத்துக்கிடுங்க. போன வாரம் பச்சையாட்டு விரிஞ்சு நிண்ணது. இப்பம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு.

— ஒண்ணுமில்ல மக்கா, டென்சன் ஆவாத. பக்கத்துல உள்ளது?

— அதுவும் சுருண்டாச்சு. மிச்சம் உள்ளதுவளயும் காட்டவா?

— வேண்டாம், வேண்டாம். பாத்தா எனக்கு தாங்காது. ஃபோன திருப்பு.

— சபையில அறுப்பின் பண்டிகைக்கு இனி ஒரு ஞாயிறுதான் கெடக்கு, கேட்டியளா. அதுவரைக்கும் பவளம் பிழைச்சு நிண்ணா கத்தார விட்டுட்டு வந்து அஞ்சுகிராமத்துல வளப்பு மீன் கடை போடுவேன், செத்துப் போச்சுண்ணா கம்பெனிக்கு மறுபடியும் ஒப்பு போடுவேன்னு, லீவுக்கு வந்தப்பம் இந்தத் தொட்டிக்கு முன்னால முழங்காலு போட்டு கர்த்தர்கிட்ட அடையாளம் கேட்டிய. மறக்கல்லியே?

— மறப்பனா? அந்த ஜெபத்த சொன்னதே நானாக்கும்.

— நீங்கதான் சொன்னிய. நான் ஆமென் போட்டேன்.

— அப்பம் கர்த்தர் பதில் சொல்லியாச்சு மக்கா. சாயங்காலம் மானேஜருக்கு முடிவு சொல்லணும். மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. என்ன செய்ய?

— கஷ்டமா? உங்க கொரலு சந்தோசமாட்டுல்லா இருக்கு.

— என்ன பிள்ளே பேச்சு இது? அங்கத்த ஓட்டலு தொட்டியெல்லாம் கழுவி, பவளம் வளத்துப் படிச்சது எதுக்கு? நம்ம ஊருல வந்து கடை போடத்தானே?

— அந்தப் படிப்புல எனக்கும் கொஞ்சம் சொல்லித் தந்திய. கல்லுப் பவளம் வச்சா போலீசு கேசு, இந்த மெத்தெண்ணு உள்ள ஜாதிதான் வைக்கலாம்ணு சொன்னிய. அதுக்க உள்ள ஒரு பாசி இருக்கு, அந்தப் பாசிதான் அதுக்கு சோறு போடுதுண்ணு சொன்னிய. வெளிச்சம் மிஞ்சுனா பாசிய துப்பிரும், துப்புனா வெளுத்து பட்டினி கெடந்து சாவும். உள்ளதா?

— உள்ளதுதான்.

— அப்பம் வெளிச்சத்த மிஞ்ச வச்சது யாரு?

— நீ ஏதாவது பட்டன அமுக்கியிருப்ப.

— அந்த விளக்குல பட்டனே இல்ல அத்தான். நீங்க அங்கயிருந்து ஃபோனுல கூட்டணும், ஃபோனுல குறைக்கணும்.

— அதாக்கும் சங்கதி! என் ஃபோனுல கத்தார் நேரம்லா. ரண்டரை மணிக்கூர் பிந்தி ஓடும். அதுல பெசகியிருக்கும்.

— நேரம் பெசகுனா விளக்கு பிந்தி எரியும். பிந்தி அணையும். கூட எரியுமா?

— விளக்கு கெட்டுப் போயிருக்கும்.

— போன வாரம் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கும்போ எனக்கு தலைவலி. உச்சை வெயிலுக்கே வந்து கதவத் தொறக்கேன், ஹாலு முழுக்க வெள்ளை வெளிச்சம். கண்ணு கூசிப் போச்சு. காலையில நான் எறங்கும்போ பைய நீலமாட்டு எரிஞ்ச விளக்கு. பூட்டுன வீட்டுக்குள்ள யாரு வந்து கூட்டுனது? நான் வாற நேரம் பாத்து யாரு குறைச்சது?

— ஸ்மைலினே, லைன் செரியில்ல. பொறவு கூப்பிடட்டா?

— கட் பண்ணினியண்ணா, இனி நான் எடுக்கமாட்டேன். சத்தியமாட்டு எடுக்கமாட்டேன்.

— இருக்கேன். பேசு.

— கர்த்தருக்க அடையாளத்துல கை வச்சியளா அத்தான்?

— சுந்தரராஜ பாத்தியா நீ?

— நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதிய?

— சுந்தரராஜ பாத்தியாண்ணு கேட்டேன். தோஹாவ விட்டுட்டு வந்து பேக்கரி போட்டான். கடை ஒரு கிறிஸ்துமஸ தாண்டல்ல. இப்பம் கல்யாண வீட்டுல அவனுக்க பக்கத்து நாற்காலி காலியாட்டு கெடக்கு. நானே கண்டேன். நான்கூட அதுல போய் இருக்கல்ல. லீவுக்கு வந்தா நான் கத்தார்காரன். சபையில முன் பெஞ்சு. ஒரேயடியா வந்தா நான் யாரு? மீன் விக்கிய ஜெபசீலன். பயமாட்டு இருக்கு மக்கா. எனக்கு அவ்வளவு பயமாட்டு இருக்கு.

— பயம்ணா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?

— உன் மொகத்த பாத்து வரமாட்டேன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. அதான் கர்த்தருக்க தலையில போட்டேன்.

— எனக்கு மடுத்து, சலிச்சு போச்சு அத்தான். ஏர்போட்டுக்கு வந்து வழியனுப்பி மடுத்து போச்சு. கல்யாண வீட்டுல, மரண வீட்டுல, எங்கயும் நான் தனியாட்டு நிக்கேன். இந்தத் தொட்டிய நான் கழுவுனது மீனுக்காண்டியா? பவளத்துக்காண்டியா? இது நிண்ணா நீங்க வருவியண்ணு நெனச்சு கழுவுனேன்.

— மன்னிச்சிரு பிள்ளே. ஆனா இனி பேசி என்ன செய்ய? எல்லாம் செத்தாச்சு. கடைக்கு வைக்க ஒரு துண்டு பவளம் இல்ல. ஒரு ரண்டு வருசம் பொறு. நான் ஒப்பு போட்டுருதேன்.

— எல்லாம் சாவல்ல.

— என்னது?

— அண்ணைக்கு உச்சைக்கே மத்ததுவள வாளியில எடுத்து ஆட்டோவுல வச்சு, எனக்க ஸ்டெனி அண்ணன் நம்ம கடைக்குண்ணு வாங்கி அவரு வீட்டுல போட்ட தொட்டியில கொண்டு விட்டுட்டேன். அத்தனையும் நீல வெளிச்சத்துல விரிஞ்சு நிக்குது. இங்க ரண்ட மட்டும் விட்டு வச்சேன், விளக்க கூட்டுற உங்க கை எப்பமாவது நிக்குதாண்ணு பாக்க.

— அப்பம் அடையாளத்துல நீயும் கை வச்சியா?

— வச்சேன். அதனால இனி கர்த்தர் பதில் சொல்லமாட்டாரு, நீங்கதான் சொல்லணும்: எனக்க கூட இருக்க உங்களுக்கு இஷ்டம் உண்டா, இல்லியா?