படாக் மரப்படி

எனக்குச் சர்க்கரை போடாத டீ போதும் சார். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயது.

நீங்கள் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், இந்த ஊரின் பழைய முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டார்கள். நான்தான் இன்னும் போர்ட் பிளேர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்போதெல்லாம் மேட்டுக்கு மேடு மரவீடுகள். தூண்மேல் நிற்கும், அந்தமானுக்கே உரிய சிவந்த படாக் மரச் சுவர், சிவப்புத் தகரக் கூரை. மழைக்கு முன்னால் வருஷம் தவறாமல் எண்ணெய் பூசுவோம். இப்போது எங்கே திரும்பினாலும் கண்ணாடி பதித்த ஓட்டல்கள், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மிஞ்சிய வீடுகளைக் காப்பாற்றத்தான் சங்கம் ஆரம்பித்தேன். மரவேலை காண்ட்ராக்டர் என்பதால் பழுதையும் நானே பார்த்துக் கொடுப்பேன்.

மிஞ்சியதில் லட்சணமானது அபர்தீன் பஜார் மேட்டிலிருந்த ரெங்கம்மா வீடு. வெளிப்பக்கம் ஏறும் மரப்படி, அதற்குக் கடைசல் பிடித்த கைப்பிடி. புருஷன் போனபிறகு தனியாக இருந்தாள். மகள் ஷீலாவுக்கு ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலை.

"படி ஏற முடியலண்ணே, முட்டி கதம் ஆயிடுச்சு" என்றாள் ஒரு நாள். "இதப் பிரிச்சுட்டுக் கீழயே பக்காவா ஒரு வீடு கட்டிக்கிறேன். ஷீலாவும் டீக் ஹை, சரின்னுட்டா."

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் நான் யாரிடமும் குரலை உயர்த்துகிறவன் இல்லை. "அவசரப்படாதம்மா, முதல்ல படியச் சரி பண்ணித் தர்றேன்" என்றேன். நம்பிவிட்டாள்.

மேலிருந்து இரண்டாவது பலகை விரிசல் விட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு பபீதா வைத்தேன். தீக்குச்சி செய்கிற வெள்ளை மரம் அது. எங்கள் மழையில் ஒரு பருவம் தாங்காது. எண்ணெயில் காவி கலந்து பூசிவிட்டால் படாக் மாதிரியே தெரியும். அன்று எனக்கு மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். நல்ல கைப்பக்குவம் அவளுக்கு.

கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை சார். காலோ இடுப்போ முறிந்தால் மகளிடம் போய்விடுவாள், வீட்டைச் சங்கத்திடம் விட்டுவிடுவாள் என்றுதான் கணக்கு.

மழை பிடித்ததும் பலகை எப்படி இருக்கிறது என்று பார்க்க அடிக்கடி அந்தப் பக்கம் போவேன். அன்று காலை போனபோது படிக்குக் கீழே கிடந்தாள். "அண்ணே, தூக்குங்க" என்றாள். விழும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அது விட்டுப்போயிருக்குமோ என்று எனக்குப் பகீரென்றது. அந்த மாதிரிக் கடைசல் வேலைக்கு இப்போது ஆள் கிடையாது. ஒவ்வொரு குமிழாகத் தடவிப் பார்த்தேன். நல்லவேளை, ஒரு கீறல் இல்லை. நடுவில் இன்னும் சில தடவை கூப்பிட்டாள். குரல் நின்றபிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

தப்பு அதற்குப்பிறகுதான் செய்தேன். அந்தப் படியில் உடைந்த பபீதா வெள்ளையாக இளித்துக்கொண்டு கிடந்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தானே பார்ப்பார்கள்? எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தபோது நல்ல படாக் பலகையாக அறுத்து மாட்டினேன். சாயங்காலம் மழை பெய்ததும் படியெல்லாம் சிவப்பாக வழிந்தது. ரத்தம் இன்னும் போகவில்லை என்று பெண்கள் அழுதார்கள். விசாரணைக்கு வந்திருந்த உங்கள் கான்ஸ்டபிள் முத்துராஜ் இந்தத் தீவில் பிறந்தவர், தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இது ரத்தம் இல்ல, நயா படாக், புதுப் பலகை. தண்ணி பட்டா இப்படித்தான் சாயம் விடும். பொணம் எடுத்த வீட்டுல படிய மாத்துனது யாரு?"

யாராக இருக்கும், நான்தான். ரெங்கம்மா விழுந்ததும் என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஷீலா நேற்று இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாளாமே. கருமாதியன்று, விஷயம் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அம்மா இருந்த வீடு, இனி பிரிக்க மனசு வரல, நீங்களே பாத்துக்குங்க" என்றாள். இப்போது மனசு மாறியிருப்பாளோ என்பதுதான் என் கவலை.

ஒரு உதவி சார். இந்த ஊரிலேயே டாலிகஞ்சில் இருக்கும் என் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். கண்டுபிடிப்பது சுலபம், புது கான்கிரீட் வீடு, வாசலில் ஒரு படிகூட இருக்காது. என் மனைவிக்கு முழங்கால் வலி. அந்தக் காலோடு அவளை மரப்படி ஏறவிட நான் என்ன கல்நெஞ்சனா?