கூசாத கண்ணாடி

கறுப்புக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்ப்பது என் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் நிலைக்கண்ணாடியைத்தான். வெளியே போய் வெயிலைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் ஐயா, வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். மலிவான கறுப்புக் கண்ணாடி கூச்சத்தை மட்டும்தான் எடுக்கும். கூச்சம் போனதும் கண்மணி அகலமாகத் திறந்துகொள்ளும், சுடுகிற கதிர் தாராளமாக உள்ளே போகும். தெரியாமல் நடந்துவிட்டது என்று வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் தங்கைக்கு ஒன்பது வயதில் அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். கல்யாணம் செய்துகொடுத்தபோதும் என் வீட்டு மாடியையே ஒதுக்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். குறட்டை ஒன்றைத் தவிர அவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. அது கீழே என் படுக்கை வரை கேட்கும்.

அவர் ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். எல்லாப் பரீட்சையும் தேறிவிட்டார், திங்கட்கிழமை கண் பரிசோதனை மட்டும் பாக்கி. அதுவும் முடிந்தால் ஒரு பகல் முழுக்கப் பயணம் போகும் தூரத்தில் குடித்தனம். ஒத்திகை பார்க்க என் கடைக்கு வந்தார். அட்டையின் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். அவ்வளவு நல்ல கண்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன், எழுந்தால் மாடிப்படி வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். மேலே தங்கை பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஊரில் அவள் யாரை நம்பி இருப்பாள்? பாடிக்கொண்டேதான் சுற்றினாள். பயத்தில் பாடுகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையே வந்து கேட்டார். "மச்சான், நம்ம தெருக்கோடி நடைபாலத்துல நின்னு சூரியன் மறையறத ஒரு படம் எடுக்கணும். புது வீட்டுல மாட்டணும்னு உங்க தங்கச்சிக்கு ஆசை. போன்ல எடுத்தா மிளகு சைஸ்ல வருது. உங்க பழைய கேமராவக் குடுங்களேன்."

கொடுத்தேன். கண்ணை ஒட்டவைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கிற கேமரா அது. கொடுப்பதற்கு முன், சாயம் பூசிய மலிவான கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் சாணைச் சக்கரத்தில் வட்டமாகத் தேய்த்து, நீள லென்ஸின் முகத்தில் பொருத்தினேன். நேர்த்தியாக வந்தது. கை வேலையில் எனக்கு எப்போதும் நல்ல பெயர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் போனோம். தண்டவாளங்களுக்கு மேலே அந்தப் பாலம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கோடை என்பதால் ஐந்தரைக்கும் கைப்பிடிக் கம்பி சுட்டது. சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது.

"கூசுதா மாப்பிள்ளை?"

"துளிகூடக் கூசல மச்சான். தட்டு மாதிரி தெரியுது."

"அப்ப கண்ண எடுத்துடாதீங்க. ரெண்டு சிக்னல் கம்பத்துக்கும் நடுவுல எறங்கற நிமிஷத்துல அழுத்தணும். விட்டா போச்சு."

அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர், பார்த்துக்கொண்டே நின்றார். நான் பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"ஏண்ணா, கால்ல சக்கரம் கட்டிக்கிட்டியா? ஒரு இடத்துல நில்லேன்" என்று தங்கை சிரித்தாள்.

என் கணக்கில் ஒரு கண்தான் ஐயா. ஒரு கண்ணின் நடுவில் சின்னதாகப் புள்ளி விழுந்தால் போதும், எஞ்சின் கிடைக்காது. கடையில் உட்கார்ந்து பிழைக்க இன்னொரு கண் தாராளம். கடையில் பாதியை அவர் பேருக்கு எழுதிவைக்கவும் நினைத்திருந்தேன். இதைவிட மிதமாக யாரால் யோசிக்க முடியும்?

பத்து நிமிடம் போயிருக்கும். அவர் வலது கண்ணைக் கசக்கிவிட்டு, கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். 'போதும் மாப்பிள்ளை' என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை அவர் தோளில் கை வைத்து, "அங்க நம்ம வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்கும்?" என்று கேட்டாள். நம்ம வீடு என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவள், "குடுங்க, நானும் பாக்கறேன்" என்று கேமராவை வாங்கினாள். பாய்ந்து பிடுங்கினேன். வார் அறுந்துவிட்டது.

"உனக்குக் கூசும்" என்றேன்.

கண்ணின் பின்சுவர் வெந்தாலும் வலி தெரியாது. அன்று இரவு அவர் வழக்கம்போலக் குறட்டை விட்டார், நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"மச்சான், உங்க மூஞ்சி மட்டும் தெரியல. சுத்தி எல்லாம் தெரியுது."

கடைக்குக் கூட்டிப்போய் அட்டை முன் உட்காரவைத்தேன். வலது கண்ணை மூடினாலும், இடது கண்ணை மூடினாலும் முதல் எழுத்தே பிடிபடவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும்" என்றேன்.

வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை, கத்தவில்லை.

"எனக்கு மட்டும் ஏண்ணா குடுக்கல?"

அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கேமராவை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

மனசு கூசவில்லையா என்று கேட்டீர்கள். மாப்பிள்ளையை நினைத்தால் வருத்தம்தான், இரண்டு கண் என்பது அதிகம். ஆனால் இனி அவர்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி பக்கம் எங்கோ அறை எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள், அது கோபத்தில் செய்தது. கோபம் ஆறினால் வந்துவிடுவாள். உங்கள் ஆட்கள் வருவதற்கு முன் மாடியைப் பெருக்கி, சுற்றிவைத்த பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டுத்தான் வந்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கேமரா அவள் கண்ணுக்குப் போக ஒரு விரற்கடை இருக்கும்போதே பிடுங்கிவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டேன்.