முந்நூற்றைம்பது வாட்

இன்வர்ட்டர் வாங்குகிற பலர் அதைக் கிணறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு குடம், மொண்டு ஊற்றினால் தீர்ந்துபோகும். இந்தச் சின்ன விஷயத்தை முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் மண்டையில் ஏறவில்லை. உங்களுக்கும் ஏறியதாகத் தெரியவில்லை, இன்ஸ்பெக்டர். ஏறியிருந்தால் சாமிதுரை செத்ததை இயற்கை மரணம் என்று எழுதிக் கோப்பை மூடியிருக்க மாட்டீர்கள். மூடிய கோப்பைத் திறக்கச் சொல்லி நானே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். பேர் பஞ்சநதம், வயது அறுபத்தெட்டு.

சாமிதுரை எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியவன். என் அப்பா ஓர் ஏமாளி. வாய்ப்பேச்சிலேயே பதினைந்து மா நிலத்தை அவனுக்குக் குத்தகைக்கு விட்டார். ஐந்து ஏக்கர், அத்தனையும் ஆற்றுப் பாசனம். அவன் நேராகப் போய்க் குத்தகைதாரன் என்று தன் பேரைப் பதிவு செய்துகொண்டான். அப்புறம் கரை வேட்டிகள் மாறின, சுவரில் சின்னங்கள் மாறின, எவன் ஆட்சிக்கு வந்தும் அந்தப் பதிவை அசைக்க முடியவில்லை. பத்தொன்பது வருஷம் கேஸ் நடத்தினேன். கோர்ட் வராந்தாவில் என்னைப் பார்த்தால் 'வணக்கம் சார்' என்பான். என் அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்ட வாய் அது.

என் வக்கீல் ஒருநாள் சட்டத்தில் ஒரு சந்து காட்டினார். குத்தகைதாரன் இறந்துபோனால், வயலில் இறங்கித் தன் உடம்பால் உழைக்கிற வாரிசுக்குத்தான் உரிமை போகும். சாமிதுரைக்கு ஒரே மகள், அம்சவல்லி. மன்னார்குடியில் டீச்சர். நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆக, அவனுக்கு மூச்சு இருக்கிறவரைதான் அந்த நிலம் அவர்கள் கையில்.

அந்த மூச்சும் அப்போது மிஷினில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மிஷினை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லாவிட்டால் நின்றுபோகும். அது 2012, எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை கரண்ட் கட்டாயம் இருக்காது.

அம்சவல்லி யோசனை கேட்டு என்னிடமே வந்தாள். கேஸ் கோர்ட்டில், யோசனைக்கு என் வீட்டு வாசல். இந்த ஜனங்களின் புத்தி இவ்வளவுதான்.

"அப்பாவுக்கு இன்வர்ட்டர் போடணும் சார். எது வாங்கலாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

சரியாகத்தான் சொன்னேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மிஷினுக்கு முந்நூற்றைம்பது வாட். நான் சொன்ன பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் அதை மூன்றரை மணி நேரம் ஓட்டும். மின்வெட்டு மூன்று மணி, மிச்சம் அரை மணி. பேட்டரியைக் காற்றோட்டமாக வை என்றேன். டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு தண்ணீரை ஊற்றாதே என்றேன். கரண்ட் இல்லாத நேரத்தில் மிஷினைத் தவிர எதையும் போடாதே, ஒரு ஃபேன்கூடக் கூடாது என்றேன். அவள் அதை ஸ்விட்ச் போர்டுக்கு மேலே சாக்பீஸால் எழுதி வைத்தாள். டீச்சர் இல்லையா, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

இன்வர்ட்டர் அதன் அளவுக்குள் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. சாமிதுரையின் முகம்கூடத் தெளிந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம், கரண்ட் போயிருந்த நேரம், பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அம்சவல்லி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் வேம்புதான் இருந்தாள். சாமிதுரையின் செத்துப்போன மனைவிக்குத் தங்கை, அவனைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு காலத்தில் எங்கள் களத்தில் நெல் தூற்றியவள். என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் போய், அந்தச் சாக்பீஸ் எழுத்துக்குக் கீழேயே கையை நீட்டி ஃபேனைப் போட்டாள்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "செத்த நேரம் ஓடட்டுங்கய்யா" என்றாள். கட்டிலில் கிடந்த சாமிதுரை குழாயோடு தலையைத் திருப்பி, "காத்து வருதுங்களா சார்?" என்று கேட்டான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சங்கம் என்று கொடி பிடித்தவர்கள், பத்தொன்பது வருஷம் என்னைக் கோர்ட்டில் நிறுத்தியவர்கள். நான் அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் பேர் ஏறியதே தவிர, முதுகு நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்து பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன்.

மறுபடி இரண்டு நாள் போனேன். இரண்டு நாளும் ஃபேன் சுற்றியது. ஒருநாள் துண்டால் கழுத்தைத் துடைத்தேன், டேபிள் ஃபேனையும் கொண்டுவந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு ஃபேனுக்கு நூற்றைம்பது வாட். மிஷினோடு சேர்த்து ஐந்நூறு. மூன்றரை மணி தாங்குகிற பேட்டரி இரண்டரை மணிகூடத் தாங்காது. அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பத் தஞ்சாவூர் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமைதான் வரும் என்று அவளே பேச்சுவாக்கில் சொன்னாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போன கையோடு போய் உட்கார்ந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். ஒரு கம்பியைத் தொடவில்லை. ஃபேனைப் போடு என்று வாயைத் திறந்து கேட்கவுமில்லை. விலைவாசி பேசினோம், மேட்டூரில் தண்ணீர் திறக்காததைப் பேசினோம். சாமிதுரை மூச்சுக்கு நடுவில் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னான். இரண்டு மணிக்கு மேல் இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்தது. பேட்டரி இறங்கினால் அப்படிக் கத்தும்.

"என்னங்கய்யா இப்புடிக் கத்துது? ஃபேன நிறுத்திரவா?"

"அது அப்படித்தான் கத்தும் வேம்பு. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்."

நான் பொய் சொன்ன இடம் இது ஒன்றுதான்.

இரண்டு இருபத்தைந்துக்கு எல்லாம் நின்றது. வேம்பு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். சாமிதுரை எட்டி என் வேட்டி நுனியைப் பிடித்தான். பிடியில் வலு இல்லை, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஃபேன் ஓடாத வீட்டில் எனக்கு என்ன வேலை, எழுந்து வந்துவிட்டேன். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மிஷின் தானாகவே மறுபடி ஓடியிருக்கும்.

என் மேல் ஒரு தூசும் விழவில்லை. "ஃபேனைப் போட்டது யாரு?" என்று அம்சவல்லி அழுதுகொண்டே கேட்டாள். "நாந்தாம்மா" என்று வேம்பு தலையில் அடித்துக்கொண்டாள். உங்களிடமும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். நிலமும் கைக்கு வரப்போகிறது. பிறகு ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள்.

வேம்பு உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் போன வாரம் வக்கீல் கொண்டுவந்தார். படித்தேன்.

"அய்யா வூட்ல ஒரு ஆளு கெடையாதுங்க. சம்சாரம் போயிருச்சு, புள்ளையும் எட்டிப் பாக்குறதில்ல. வேர்க்க விறுவிறுக்க வந்து ஒக்காருவாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு. எங்க அக்கா வூட்டு மாமாவும் சொல்லுவாரு, அந்த மனுசனுக்குப் பேச நாதியில்ல, காத்தாவது வரட்டும், போட்டு வுடுன்னு. அதாங்க போட்டேன்."

இது பொய், இன்ஸ்பெக்டர். என்னைக் கண்டால் எழுந்து நின்று பழகிய உடம்பு அது, அதனால்தான் ஃபேனைப் போட்டாள். வேறு ஒரு காரணமும் கிடையாது. சாமிதுரையின் மூச்சை நிறுத்தியது நான், கணக்குப் போட்டு, நாள் பார்த்து, உட்கார்ந்து நிறுத்தினேன். கொலை என்றே எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் 'பாவமா இருந்துச்சு' என்கிற வரியை மட்டும் அடித்துவிட்டு, மரியாதைக்காகப் போட்டேன் என்று அவளிடம் மறுபடி எழுதி வாங்குங்கள்.