ஒரு சாண் நூல்

மழையில் காட்டில் தங்கப் போகிறவர்கள் எல்லோரும் தார்ப்பாயைத்தான் பெரிதாக நினைப்பார்கள். நனைந்த கயிறு தொய்யும். எழுந்து நாலு மூலையையும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அது சரிதான். ஆனால் தொங்கு படுக்கையை மரத்தோடு பிணைக்கும் பட்டை வழியாகவும் தண்ணீர் இறங்கி வரும், ஐயா. அதற்காகத் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாகப் பட்டையில் ஒரு சாண் நூல் கட்டித் தொங்கவிடுவோம். தண்ணீர் நூலைப் பிடித்துத் தரையில் சொட்டிவிடும். பார்த்தால் ஏதோ பிசிறு போலத்தான் இருக்கும்.

என் தம்பி நல்லவன். வருஷா வருஷம் நாங்கள் இருவரும் மலைக்குப் போவோம். கயிறெல்லாம் என் பொறுப்பு, அடுப்பு அவன் பொறுப்பு. எவ்வளவு காற்றடித்தாலும் நான் கட்டிய தார்ப்பாய் அசைந்ததில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை கிளம்புவதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் அவன் விளையாட்டாகச் சொன்னான்: "அண்ணன் கட்டினதை எல்லாம் நான் அப்புறமா அவுத்துக் கட்டிடுவேன். பாவம், அவருக்கே தெரியாது."

அவன் மனைவி சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மலையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் இரண்டு தார்ப்பாய்களையும் கட்டினேன். தண்ணீர் எடுக்கப் போகிறவன் மாதிரி போய், அவன் கயிறு, நூல் என்று ஒவ்வொரு முடிச்சாக மாற்றிக் கட்டுவதைப் புதருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என் தார்ப்பாயைத்தான் முதலில் கட்டினான். பிறகு அவன் அடுப்பு மூட்ட உட்கார்ந்தபோது, அவன் படுக்கையின் இரண்டு நூல்களையும் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருமுறை சரிபார்த்ததை அவன் மறுபடி பார்க்க மாட்டான். கொஞ்சம் நனையட்டும், காலையில் கேலி செய்யலாம் என்றுதான் நினைத்தேன்.

மழை விடவில்லை. குளிர் எலும்பில் இறங்கியது. அவன் என் படுக்கையருகே வந்து நின்றான். பல் தந்தியடிப்பது காதில் விழுந்தது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா? எல்லாம் நனைஞ்சிடுச்சு. அந்தக் கம்பளி எங்க இருக்கு?"

உபரியாக இருந்த ஒரே கம்பளி என் தலைக்கடியில் இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறவனை எழுப்பும் பழக்கம் அவனுக்கு இல்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் தார்ப்பாயின் தொய்ந்த கயிற்றை, விரல் மடங்காமல் தடுமாறித் தடுமாறி, இழுத்துக் கட்டிவிட்டுப் போனான்.

விடிந்தபோது அவன் உடம்பு விறைத்திருந்தது. மீட்பு ஆட்களுக்குச் சொல்வதற்கு முன்னால் நூல்களைப் பழையபடி கட்டினேன். அவை மட்டும் ஏன் வேறு முடிச்சு என்று நீங்கள் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவன் முடிச்சு எனக்கு வராது.

உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். உறுத்துகிறது. சோறு இறங்கவில்லை. அவன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூலை எடுத்தது நான்தான், கம்பளி இருந்தும் கொடுக்காதது நான்தான்; அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அவன் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் கட்டாயம் எழுந்திருப்பேன்.