மான்பல் ஜோடி

இல்லப்பா, நான் பீர் கொண்டுவர்றவ இல்ல. பரவால்ல, பரவால்ல, இதுக்கு எதுக்கு மன்னிப்பெல்லாம். இந்த முன்துணி நாடாவ முதுகுப் பக்கம் முடிஞ்சிருக்கேன்ல, அதப் பாத்துட்டுக் கேட்டுட்டீங்க. இந்தத் திருவிழாக் கூடாரத்துல பீர் பரிமாறுறவளுங்களும் பின்னாலதான் முடிவாளுங்க. இடது பக்கம் முடிஞ்சா கல்யாணம் ஆகாதவ, வலது பக்கம்னா ஆனவ. பின்னாலன்னா ஒண்ணு கையில குவளை இருக்கணும், இல்லன்னா வீட்டுல புருஷன் இருக்கக் கூடாது. என் கையப் பாருங்க, குவளையா இருக்கு? கத்தியும் முள்ளங்கியும்தான்.

அட, அதுக்கு ஏன் முகம் இப்படிச் சுருங்குது? உக்காருங்க. உங்க நண்பருங்கதானே அந்தக் கடைசி மேசையில, பெஞ்சு மேல ஏறி நின்னு பாடுறவங்க? பாடட்டும், பாடட்டும். உங்களுக்கு அங்க பீர் வராது. பீர் கொண்டுவர்ற புர்கிக்கு நூறு தடவ கூப்பிட்டாலும் வடக்கத்திக்காரங்க குரல் காதுல விழாது. இங்க உக்காந்தா என் முகத்துக்காக வரும். வாஸ்டில், எந்திரிடா, தம்பி உள்ள போகட்டும். சுவரோரமாப் போங்க தம்பி, அங்கதான் காத்து வரும். இந்த மலையாட்டம் இருக்கிறவன் பேரு வாஸ்டில், கறிக்கடைக்காரன். அதிகம் பேச மாட்டான். நாள் முழுக்க பன்னி கத்துறதக் கேக்குறவனுக்கு மனுஷன் பேசுனா ஓய்வு மாதிரி இருக்குமாம், சும்மா கேட்டுட்டே இருப்பான். ஆங், நீயும் உக்காருடா.

எதிர்ல இருக்கிறவன் ஒட்மார். வனக்காவலரா இருந்து ஓஞ்சவன். கைய நீட்டுங்க, புறங்கையில மூக்குப்பொடி வெப்பான். வேண்டாமா? வேண்டாம்னா விடு ஒட்மார், ஊர்ல இருக்கிற மூக்கையெல்லாம் கெடுக்கணும்னு உனக்கு ஏதாவது வேண்டுதலா? நான் சென்சி.

ஒண்ணு சொல்லிடுறேன். இந்தப் பெஞ்சுல உக்காந்துட்டா அப்புறம் நீங்க, வாங்க எல்லாம் கிடையாது. மேயரே வந்தாலும் நீதான், பாதிரியார் வந்தாலும் நீதான். எந்திரிச்சுப் போனப்புறம் மறுபடி அவரு மேயரு. சரியா? அப்ப நீ எந்த ஊரு?

ஹனோவரா. தூரம்தான். இங்க முதல் தடவையா?

முதல் தடவை. ம். உடுப்பப் பாத்தா அப்படித் தெரியல. தோல் நிஜார் நல்லாப் பழகியிருக்கு, முட்டியில கறுத்திருக்கு. பழசு வாங்கினியா? பழசுதான் நல்லது, புதுசு நடக்கும்போது கிறீச்சு கிறீச்சுங்கும். ஆனா அந்தச் சங்கிலி இருக்கே. ஒட்மார், தம்பி நிஜார்ல தொங்குற சங்கிலியப் பாத்தியா? கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு. அழகா இருக்குல்ல?

எங்கடா கெளம்பிட்ட ஒட்மார்? இப்பத்தானே உக்காந்த. ஓ, பொண்டாட்டிக்கு இஞ்சி ரொட்டி வாங்கணுமா. ஆமாமா, அந்தச் சக்கரைல எழுத்து எழுதின இதயம். போன வருஷம் மறந்துட்டுப் போய் வாங்கிக் கட்டிக்கிட்ட. போ, போ, நல்ல பெரிய இதயமாப் பாத்து வாங்கு. நாங்க தம்பியப் பாத்துக்கறோம்.

புர்கி! இங்க ஒண்ணு! பாத்தியா, என் குரலுக்கு ஓடியாறா. எடு குவளைய. அப்படி இல்ல, காது வழியா விரல விட்டுப் பிடி. குவளையோட குவளை இடிக்கும்போது கண்ணப் பாக்கணும். பீரப் பாக்காத, என் கண்ணப் பாரு. ஹூம், நீ வாஸ்டிலப் பாக்குற. கண்ணப் பாக்காம இடிச்சா கெட்டதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. சரி, குடி.

முள்ளங்கியா? இரு, இப்பத் திங்கக் கூடாது. பாரு, பிரியாம சுருள் சுருளா வெட்டணும், இப்படி இழுத்தா விசிறி மாதிரி விரியணும். அப்புறம் உப்பு. உப்பப் போட்டுட்டு விட்டுறணும். கொஞ்ச நேரத்துல அழ ஆரம்பிக்கும், தண்ணி தண்ணியா விடும். நல்லா அழுத முள்ளங்கிக்குத்தான் காரம் போயிருக்கும். அவசரப்பட்டு வாயில போட்டவனுக்கு மூக்குல ஏறும். அழட்டும். நமக்கு என்ன அவசரம்?

சங்கிலி யாரு குடுத்தா? தாத்தாவா! நல்லதுப்பா. கடையில வாங்கினேன்னு சொல்லுவியோன்னு நெனச்சேன். இங்க யாரும் தன் சங்கிலியத் தானே வாங்கிப் போட மாட்டாங்க. அப்பன் குடுக்கணும், மாமன் குடுக்கணும், இல்லன்னா ஒண்ணொண்ணா சேரணும். மான் சுட்டா மான்பல்லு, வளை தோண்டிப் பிடிச்சா வளைக்கரடி நகம், கல்யாணத்தன்னிக்கு மாதா படம் போட்ட வெள்ளிக் காசு. கடையில விக்கிறது எல்லாம் ஒரே அச்சு. இது அப்படி இல்ல, உலகத்துல ரெண்டு சங்கிலி ஒண்ணுபோல இருக்காது. உங்க ஊர்க்காரங்களுக்கு இது நகை. எங்களுக்கு இது முகம். தூரத்துல ஒருத்தன் வர்றப்ப மூஞ்சி தெரியறதுக்கு முந்தி வயித்துல ஆடுற சங்கிலி தெரியும், இன்னாரு வர்றான்னு.

தாத்தா வேட்டைக்காரரா? ஆமாங்குற. அந்த மான்பல்லு அவரு சுட்டதா? ம். நல்ல பல்லு. தேயிலைக் கறை மாதிரி ஒரு பக்கம் பழுப்பா இருக்கு பாரு, அது வயசான ஆண் மானு. சும்மா தொட்டுப் பாத்தேன், பயப்படாத. கத்தியா? அட, கத்திய அந்தக் கையில வெச்சிருக்கேன். இந்தா, கீழ வெச்சுட்டேன்.

எங்க எந்திரிக்கிற? கழிப்பிடமா? அது அந்தப் பக்கம் இல்லையே தம்பி. ஆத்துப் பக்கக் கதவுக்கா போகப் பாத்த? கழிப்பிடம் அங்க இருந்தது போன வருஷம். இந்த வருஷம் முன்வாசலுக்கு மாத்திட்டாங்க. அந்தக் கதவையே பலகை வெச்சு அடிச்சாச்சு, தெரியுதா, மேளம் அடிக்கிறவன் முதுகுக்குப் பின்னால?

நண்பன் சொன்னானா அந்தப் பக்கம்னு? ஓ. நண்பன் முன்ன வந்திருக்கான்போல. இருக்கும், இருக்கும்.

உக்காரு. வாஸ்டில் எந்திரிச்சாத்தான் நீ வெளிய போக முடியும், அவன் இப்பத்தான் கோழியில கைய வெச்சிருக்கான். கோழி திங்கும்போது வாஸ்டில எழுப்புனா பாவம். அடக்கிக்கோ. ஆம்பளதானே.

அந்தக் கதவ ஏன் அடைச்சாங்கன்னா, என் வீட்டுக்காரனாலதான். கோர்பினியன்னு பேரு. போன வருஷம் இதே திங்கக்கிழமை, இதே பெஞ்சு. நீ உக்காந்திருக்கிற இடம்தான் அவனோடது. சுவரோரமா உக்காந்தாத்தான் அவனுக்குப் பீர் இறங்கும். எங்க நாலு பேருக்கும் முப்பது வருஷமா இந்த மேசைதான். அன்னிக்கும் மழை வர்ற மாதிரி இப்படித்தான் இருட்டிட்டு இருந்துச்சு, கூடாரத் துணி பொம்முறதும் அடங்குறதுமா, மாட்டு வயிறு மாதிரி. இந்தா வந்துர்றேன் சென்சி, என் நுரையக் குடிச்சுராதன்னுட்டு அந்தக் கதவு வழியாப் போனான். நான் குடிச்சுட்டேன். நுரைய மட்டும் இல்ல, பாதிக் குவளைய. திரும்பி வந்து கத்துவான்ல, அதுக்காகவே குடிச்சேன்.

வரல.

மில்லு மதகுகிட்ட, முறிஞ்சு விழுந்த ஒரு மரத்துல மாட்டியிருந்தான். குடிச்சிருந்தாரு, வழுக்கிருச்சு, ஆத்துல தண்ணி அதிகம்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. வருஷா வருஷம் ஏதாவது ஊர்ல ஒருத்தன் இப்படிப் போறானாம். சேதி சொல்ல வந்த அந்த இளம் போலீஸ்காரன் மேல எனக்குக் கோவம் இல்ல. தண்ணி கொண்டுவந்து குடுத்தான், தோளத் தொட்டான். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பல. நிஜார்ல சங்கிலி இல்லையேன்னு கேட்டேன். ஆறு அடிச்சுட்டுப் போயிருக்கும்மான்னான்.

ஆத்துத் தண்ணி வந்து கொக்கியக் கழட்டுமா தம்பி? நீயே சொல்லு. அந்த நிஜார் முன்மூடிக்கு ரெண்டு பக்கமும் கொக்கி போட்டு மாட்டுறதுதானே சங்கிலி. சாயங்காலம் வீட்டுல அவன் கழட்டறதுக்கே நான் கை குடுக்கணும். ஆறு வந்து பொறுமையா கழட்டுச்சாம்.

குடிக்க மாட்டேங்குற. சூடாயிரும். உன் நண்பருங்க கை ஆட்டுறாங்க, நீயும் ஆட்டு. சிரிச்சுட்டே ஆட்டு. ஆங். என்னமோ நாங்க உன்னப் பிடிச்சு வெச்சிருக்கிற மாதிரி ஆட்டுறியே.

மானுக்கு மேல்வாயில அந்த மாதிரிப் பல்லு ரெண்டு இருக்கும், தெரியுமா? தாத்தா சொல்லியிருப்பாரு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒருத்தன் முதல் மானச் சுட்டா ரெண்டையும் எடுத்து ஜோடியாத்தான் வெள்ளியில பதிப்பான். ஒத்தப் பல்லு யாரும் போட மாட்டாங்க. பிச்சைக்காரன்கூடப் போட மாட்டான், ஏன்னா பாக்குற ஊர்க்காரன் முதல்ல கேக்குறதே இன்னொண்ணு எங்கடாங்கறதுதான். நீ முன்வாசல்லேர்ந்து இங்க வர்ற வரைக்கும் எத்தன பேரு உன் வயித்தப் பாத்தாங்கன்னு கவனிச்சியா? உடுப்பு நல்லா இருக்குன்னு பாக்குறாங்கன்னு நெனச்சிருப்ப.

அறுந்து விழுந்திருச்சா? எப்ப? சின்ன வயசுலயா. தாத்தா வீட்டுத் தோட்டத்துல. சரி.

அவன் சங்கிலிய உன் இடுப்புல பாத்தப்ப எனக்கு முதல்ல நம்பிக்கை வரலப்பா. இன்னிக்கு நான் யாரையும் தேடி வரல, சத்தியமா. அவன் குவளைக்கு எதிர்ல ஒரு முள்ளங்கி வெட்டி வெக்கலாம்னு மட்டும்தான் வந்தேன். நீயா நடந்து வந்து, என் முதுகுல தட்டி, ஒரு பீர்னு கேட்ட. முடிச்சோட அர்த்தம் தெரிஞ்சிருந்தா என்கிட்ட வந்திருக்க மாட்ட, இல்ல? இவ்வளவு பேரு இருக்கிற கூடாரத்துல.

இரு, இரு. முன்துணிப் பையில ஒண்ணு வெச்சிருக்கேன். சாப்பாட்டுத் தட்ட அந்தப் பக்கம் தள்ளு. இந்தா.

பல்லுதான். என் வீட்டுக்காரன் வலது கைக்குள்ள இருந்தது. மூடின கைய மருத்துவரு விரல் விரலாப் பிரிச்சு எடுத்தாரு, அவ்வளவு இறுக்கம். இது அவரு சங்கிலியோடதும்மா, வெச்சுக்கோங்கன்னு ஒரு காகித உறைல போட்டுக் குடுத்தாரு. எனக்கு அப்பலேர்ந்து தூக்கம் இல்ல. ஆத்துல விழறவன் புல்லப் பிடிப்பான், கல்லப் பிடிப்பான், வேரப் பிடிப்பான். தன் சங்கிலியவே ஏன் பிடிக்கணும்? இன்னொருத்தன் அத இழுத்தாத்தானே பிடிப்பான்.

உன் சங்கிலிய இப்படிக் கொஞ்சம் தூக்கு. வேண்டாம், கைய எடு, நானே தூக்குறேன். இந்தா வளையம், வாயப் பொளந்துட்டு நிக்குது. இதுல வெச்சா எப்படி உக்காருது பாரு. அதே பழுப்பு, அந்தப் பல்லுக்கு இடது பக்கம், இதுக்கு வலது பக்கம். ஒரே வாயில இருந்ததுங்க, ஒண்ணையொண்ணு தெரிஞ்சிருக்கும்ல.

வாஸ்டில், எந்திரிக்காத. கோழியத் தின்னு.

ஒட்மாரா? அவன் வருவான். பொண்டாட்டிக்கு இஞ்சி ரொட்டியா? அவனுக்கு ஏது தம்பி பொண்டாட்டி, அவன் கல்யாணமே பண்ணிக்கல. முன்வாசல்ல போலீஸ்காரங்க உக்கார்ற கூண்டு இருக்கே, அதுவரைக்கும் போய்த் திரும்ப அவன் முட்டிக்கு இவ்வளவு நேரம் ஆகுது. அந்தா வர்றான் பாருங்க. கூட அந்த இளம் பையனும் வர்றான், எனக்குத் தண்ணி குடுத்தவன்.

முள்ளங்கி நல்லா அழுதிருச்சு. இப்ப எடுத்துக்கோங்க.